நீர்நாயைத் தேடிய நாய்: ஓட்டர்ஹவுண்ட் இனமும் வீட்டில் அதனைப் பேணும் முறையும்

நீர்நாய் என்னும் சொல் தமிழில் மிகப் பழமையானது. சங்க இலக்கியத்து மருதத்திணைப் பாடல்களில், வாளை மீனை நாள்தோறும் இரையாகக் கொள்ளும் விலங்காக அது காட்சி தருகின்றது. சிங்கப்பூர் அன்பர்கட்கு இலக்கியச் சான்றும் வேண்டுவதில்லை. பிஷான் பூங்காவின் ஆற்றோரத்தில் அது குட்டிகளோடு கூட்டமாக நீந்துவதைக் கண்ணாரக் கண்டிருப்பர். பெயரில் நாய் இருப்பினும் நீர்நாய் நாயினத்தைச் சேர்ந்ததன்று. ஆனால் அந்த நீர்நாயைத் தேடிப் பிடிப்பதற்கென்றே உண்மையான நாயினம் ஒன்று பிரிட்டனில் உருவாக்கப்பட்டது. அதன் பெயர் ஓட்டர்ஹவுண்ட். ஓட்டர் என்பது நீர்நாய். ஹவுண்ட் என்பது வேட்டைநாய். இப்பெயரைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் 'நீர்நாய் நாய்' என வரும். வகுப்பில் சொன்னால் மாணவர் நகைப்பர். ஆதலின் இக்கட்டுரையில் மூலப் பெயரையே வைத்துக்கொள்வோம்.

வேட்டைநாய்கள் பெரும்பாலும் இரு வகையின. கண்ணால் கண்டு துரத்துபவை ஒருவகை. மூக்கால் மோந்து தொடர்பவை மற்றொரு வகை. தமிழ்நாட்டுச் சிப்பிப்பாறையும் கன்னியும் முதல் வகையைச் சார்ந்தவை. மெலிந்த உடல், நீண்ட கால், வெட்டவெளியில் முயல் எழுந்து ஓடினால் அம்புபோற் பாயும் விரைவு ஆகியவை அவற்றின் இயல்பு. மோப்ப வேட்டைநாய்க்கு விரைவு அவ்வளவாக வேண்டுவதில்லை, விடாப்பிடிதான் வேண்டும். இரை கண்ணுக்குத் தெரிவதில்லை. அது பல மணி நேரத்திற்கு முன்பே அவ்விடத்தைக் கடந்து போயிருக்கலாம். அது விட்டுச் சென்ற மணத்தை மட்டும் நூல் பிடித்தாற்போலத் தொடர்ந்து செல்லவேண்டும். தொங்கும் காது, அகன்ற மூக்குத் துளை, தாழ்ந்த தலை, காடு அதிரும் குரல் ஆகியவை இவ்வகைக்குரிய அடையாளங்கள்.

ஓட்டர்ஹவுண்டின் உடலைப் பார்த்தாலே அதன் தொழில் விளங்கும். ஆண்நாய் தோள்வரை ஏறத்தாழ 27 அங்குல உயரமும் 50 கிலோ எடையும் உடையது. பெண்நாய் 24 அங்குலமும் 40 கிலோவும் இருக்கும். மேல்மயிர் இரண்டு மூன்று அங்குல நீளத்தில் முரட்டுத்தனமாகக் கலைந்து கிடக்கும். அதன் அடியில் நெருங்கிய மென்மயிர் உண்டு. இவ்விரண்டிலும் இயற்கையான எண்ணெய்ப் பசை இருப்பதால் குளிர்ந்த ஆற்றில் மணிக்கணக்காக நீந்தினும் தோல் எளிதில் நனையாது. பாதங்கள் பெரியவை, விரல்களுக்கிடையே வாத்துக்கு உள்ளதுபோன்ற சவ்வு உண்டு. ஆற்றங்கரைக் கல்லிலும் சேற்றிலும் நாள் முழுதும் நடப்பதற்கேற்ற, விரைவில்லாத, தளர்ந்தாற்போன்ற நடை. முகத்தைச் சூழ்ந்த தாடி மீசையைப் பார்த்தால் காலையில் தலைவாராமல் வந்த மாணவன் நினைவுக்கு வருவான்.

13-ஆம் நூற்றாண்டில் ஜான் மன்னர் காலத்திலேயே இங்கிலாந்து அரண்மனையில் நீர்நாய் வேட்டைக்கென ஆட்கள் இருந்தனர். ஏரி குளத்து மீன் அந்நாட்டு மக்களின் முக்கிய உணவாய் இருந்த காலம் அது. மீனைத் தின்னும் நீர்நாய் பகையாகக் கருதப்பட்டது. பின்னர் அஃது உணவுக் காவலாக இல்லாமல், செல்வர்களின் கோடைக்காலப் பொழுதுபோக்காக மாறிற்று. நரி வேட்டை குளிர்காலத்துக்குரியது. நீர்நாய் வேட்டையோ ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை நடந்தது. அந்த வேட்டையைப் புகழ்ந்து எழுத எனக்கு விருப்பமில்லை. ஓர் உயிரை மணிக்கணக்கில் துரத்தி அலைக்கழிப்பதை விளையாட்டென்று சொல்ல மனம் ஒப்பவில்லை. ஆயினும் அந்த நாய் செய்துகாட்டிய மோப்பப் பணி வியப்புக்குரியது என்பதில் ஐயமில்லை.

நீர்நாய் இரவில் திரியும் விலங்கு. விடியற்காலையில் கரையோர வேர்ப்பொந்தில் போய் ஒடுங்கிவிடும். வேட்டைநாய்கள் காலையில் கரைக்கு வரும்போது அது சென்ற தடம் பல மணி நேரம் பழையதாகியிருக்கும். அதுவும் தொடர்ச்சியான தடமன்று. கரையில் சிறிது தூரம், பிறகு தண்ணீர், மறுகரையில் ஒரு கல், மீண்டும் தண்ணீர் என்று அறுந்து அறுந்து போகும். அந்த அறுந்த இழைகளை எல்லாம் நாய் தன் மூக்கால் முடிச்சுப் போடவேண்டும். நீர்நாய் நீருக்குள் மூழ்கிவிட்டால் அதன் மூச்சுக் குமிழிகள் மேலே வந்து உடைகின்றன. மயிரிலுள்ள மணமும் நீரின் மேற்பரப்பில் மிதந்து வருகின்றது. ஓட்டர்ஹவுண்ட் நீந்திக்கொண்டே அந்த மேற்பரப்பு மணத்தை மோந்து குரல் கொடுக்கும்.

மணம் என்பது யாது என்றும் இங்குச் சிறிது காண்போம். நடந்து செல்லும் எவ்வுயிரின் உடலிலிருந்தும் கண்ணுக்குத் தெரியாத தோல் துணுக்குகள் ஓயாது உதிர்கின்றன. அவற்றின்மேல் நுண்ணுயிர்கள் வேலை செய்வதால் மணமுள்ள ஆவிகள் எழுகின்றன. காலடி பட்டு நசுங்கிய புல்லும் மண்ணும் தம் மணத்தைச் சேர்க்கின்றன. குளிர்ந்த, ஈரமான, காற்றடங்கிய நேரத்தில் இக்கலவை தரையோடு தங்கும். வெயிலும் காற்றும் அதனைக் கலைத்துவிடும். மனிதனின் மூக்கில் மணம் உணரும் உயிரணுக்கள் ஏறத்தாழ 50 இலட்சம் என்றும், மோப்ப நாய்களில் அவை 20 கோடிக்கு மேற்படும் என்றும் மதிப்பிடுவர். அஃதன்றி நாய் மூச்சை வெளிவிடும்போது அக்காற்று மூக்கின் பக்கவாட்டுப் பிளவுகள் வழியே வெளியேறுகின்றது. அதனால் முன்னாலுள்ள மணம் கலையாமல், அடுத்த மூச்சில் புதிய மணம் உள்ளே வருகின்றது. நாம் ஒரு பூவை மோந்துவிட்டு அதன் மீதே மூச்சை விடுகின்றோம். நாய் அவ்வாறு செய்வதில்லை.

இந்த இனத்தின் வாழ்வு ஓர் எதிர்பாராத வழியில் திசை திரும்பிற்று. 1950-களின் பிற்பகுதியிலிருந்து வேட்டைக்குழுவினர்க்கு நீர்நாய் கிடைப்பது குறைந்துகொண்டே வந்தது. குழுக்கள் ஒவ்வொன்றும் எத்தனை நாள் வேட்டைக்குச் சென்றோம், எத்தனை நீர்நாய் கண்டோம் என்று ஆண்டுதோறும் ஒழுங்காகக் குறித்து வைத்திருந்தன. அக்குறிப்புகளை ஆராய்ந்து சானின், ஜெஃப்ரீஸ் என்னும் இருவர் 1978-ஆம் ஆண்டு ஒரு கட்டுரை வெளியிட்டனர். 1957, 1958-ஆம் ஆண்டுகளை ஒட்டியே வீழ்ச்சி தொடங்கிற்று என்றும், 1955 வாக்கில் விதை நேர்த்திக்கும் ஆட்டு மயிரில் உண்ணி ஒழிக்கவும் புகுத்தப்பட்ட டீல்டிரின் முதலிய பூச்சிக்கொல்லிகளே அதற்குக் காரணமாகும் என்றும் அவர்கள் காட்டினர். நஞ்சு வயலிலிருந்து ஆற்றுக்கும், ஆற்றிலிருந்து மீனுக்கும், மீனிலிருந்து நீர்நாய்க்கும் சேர்ந்து சேர்ந்து பெருகிற்று. கொல்வதற்காகச் சென்றவர்களின் குறிப்பேடே அவ்விலங்கைக் காப்பதற்குச் சான்றாயிற்று. கணக்கை ஒழுங்காக எழுதி வைப்பதன் பயனை மாணவர்க்கு விளக்க இதனினும் நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

1978-ஆம் ஆண்டு தொடக்கத்தில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நீர்நாய் சட்டப் பாதுகாப்புப் பெற்றது. ஸ்காட்லாந்தில் 1982-இல் அப்பாதுகாப்பு வந்தது. நீர்நாய்க்கு நல்ல காலம் பிறந்தது. அதைத் தேடிய நாய்க்கோ வேலை போயிற்று. பல வேட்டைக்குழுக்களில் இருந்தவை கலப்பு நாய்களே. ஓட்டர்ஹவுண்டைத் தூய இனமாகப் பெருமளவில் பேணி வந்தவை ஸ்காட்லாந்தின் டம்ஃப்ரீஸ்ஷயர் குழுவும் வட இங்கிலாந்தின் கெண்டல் குழுவுமே. கூட்டமாகக் கொட்டடியில் வளர்ந்து, கூட்டமாகத் தின்று, கூட்டமாக ஓடிப் பழகிய நாய்களை என்ன செய்வது என்ற வினா எழுந்தது. ஆர்வலர் சிலர் 1978-இலேயே ஓட்டர்ஹவுண்ட் சங்கத்தைத் தோற்றுவித்து, அந்நாய்களை வீடுகளுக்கு மாற்றி, கென்னல் கிளப் என்னும் நாய்க்கழகத்தில் பதிவு செய்யும் பணியை மேற்கொண்டனர். அமெரிக்காவில் இவ்வினம் 1900-களின் தொடக்கத்திலேயே குடியேறியிருந்ததால் அங்கும் ஒரு கிளை உயிரோடு இருந்தது.

இன்று உலகம் முழுவதும் ஓட்டர்ஹவுண்ட் ஆயிரத்துக்கும் குறைவாகவே உள்ளது என்பர். காட்டில் வாழும் பாண்டாக்கரடி 2014-இல் முடிந்த கணக்கெடுப்பில் 1,864 எனக் கண்டனர். பாண்டாவுக்காக உலகமே கவலைப்படுகின்றது. இதனைப் பற்றி அறிந்தவரே சிலர். ஆண்டொன்றுக்கு 300 குட்டிகளுக்குக் குறைவாகப் பதிவாகும் பிரிட்டிஷ் இனங்களை நலிவுற்றவை எனக் கென்னல் கிளப் பட்டியலிடுகின்றது. ஓட்டர்ஹவுண்ட் பல ஆண்டுகளில் 50-ஐக்கூட எட்டவில்லை.

இனி, இதனை வீட்டில் வளர்ப்பது எங்ஙனம் என்று பார்ப்போம். முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுதல் நன்று: நம் நாட்டு வெப்பத்திற்கு இது ஏற்ற நாயன்று. இரண்டடுக்கு மயிரோடு இதனை இங்குக் கொண்டுவந்து நாள் முழுதும் குளிர்சாதன அறையில் அடைத்து வைப்பது நாய்க்குச் செய்யும் தீமையாகும். குளிர்நாட்டில், சுற்றிலும் இடமுள்ள வீட்டில் வாழ்வோர்க்கே இது பொருந்தும். அங்கும் வேலி நன்றாக உயர்ந்திருக்க வேண்டும். மணம் ஒன்று மூக்கில் ஏறிவிட்டால் இதற்கு வேலியும் தெரியாது, வண்டியும் தெரியாது, எசமானர் குரலும் கேளாது. திறந்த வெளியில் கயிறின்றி விடுவது பிழை.

இந்நாய் தண்ணீர் குடிக்கும்போது முகத்தையே பாத்திரத்துள் அமிழ்த்திவிடும். பின்னர் அந்தத் தாடியைத் துடைத்துக்கொள்ளத் தக்க இடமாக நம் மடியையே அது தேர்ந்தெடுக்கும் என்று வளர்ப்பவர்கள் சிரித்துக்கொண்டே சொல்வர். சேறு, இலை, குச்சி எல்லாம் மயிரோடு வீட்டுக்குள் வரும். தரையில் ஒரு தூசியும் பொறாதவர் இதனை வளர்க்க நினையாதிருத்தல் நலம். வாரம் ஒருமுறை சீப்பால் கோதிச் சிக்கெடுத்தாற் போதும். அடிக்கடி சவர்க்காரம் போட்டுக் குளிப்பாட்டினால் மயிரின் எண்ணெய்ப் பசை நீங்கி, நீர் ஒட்டாத தன்மை கெட்டுவிடும். நீண்டு தொங்கும் காதுகளுக்குள் காற்றோட்டம் குறைவு. நீந்திய பின் உட்புறத்தை உலர்த்தாவிட்டால் புண் உண்டாகும். மார்பு ஆழ்ந்த பெரிய நாய்களுக்கு வயிறு உப்பி முறுக்கிக்கொள்ளும் கொடிய நோய் வருவதுண்டு. ஆதலால் ஒரே வேளையில் வயிறு நிறையக் கொட்டாமல், இரண்டு வேளையாகப் பிரித்து உணவளிப்பர், உண்டவுடன் ஓடவிடமாட்டார்.

குணத்தில் இது மிகவும் சாது. அயலாரைக் கண்டால் வாலை ஆட்டி வரவேற்கும், காவலுக்கு உதவாது. குரல் மட்டும் ஆழ்ந்து நெடுந்தூரம் கேட்கும். அடுத்த வீட்டாரோடு நல்லுறவு இருப்பது இன்றியமையாதது. சிறுவர்மீது அன்புண்டு, ஆனால் 50 கிலோ எடை அன்போடு பாய்ந்து வந்தாலும் மூன்று வயதுக் குழந்தை கீழே விழத்தான் செய்யும். இது மெல்ல முதிரும் இனம். உடல் பெருத்துவிட்டதே என்று ஒரு வயது நிறையுமுன் நெடுந்தூரம் ஓட்டினால் வளரும் எலும்பு மூட்டுகள் கெடும்.

இதனை 'முட்டாள் நாய், சொன்னது கேளாது' என்று சிலர் இகழ்வர். அஃது ஆராயாமல் கூறும் கூற்று. ஆட்டு மந்தையை ஓட்டி மேய்க்கும் நாய் ஒவ்வொரு கணமும் மேய்ப்பனைத் திரும்பிப் பார்த்துக் கட்டளை பெறும். அதன் தொழில் அத்தகையது. மோப்ப வேட்டைநாயோ வேட்டைக்காரனுக்கு முன்னே, அவன் கண்ணுக்கெட்டாத தூரத்தில் தானே முடிவு செய்யவேண்டியது. 'இப்போது என்ன செய்ய?' என்று திரும்பிப் பார்த்து நின்ற நாய் தடத்தை இழந்தது. அத்தகைய நாயின் வழியில் குட்டிகள் எடுக்கப்படவில்லை. பல தலைமுறையாக இவ்வாறு தெரிந்தெடுத்துவிட்டு, இன்று அது நம் சொல்லுக்கு உடனே உட்காரவில்லை என்று குறை கூறுவது முறையன்று. சிறு இறைச்சித் துண்டும் பொறுமையும் கொண்டு பழக்கினால் தேவையான அளவு கற்கும். அதட்டல் பயன் தராது. அதட்டியவரை விட்டு அது விலகிப் போய்விடும், அவ்வளவே.

ஆகவே, வேட்டை ஒழிந்த பின் இதன் மூக்குக்கு என்ன வேலை கொடுப்பது என்பதே வளர்ப்பவர் முன்னுள்ள பெரிய வினா. வேலையில்லாத மோப்ப நாய் தோட்டத்தைக் கிண்டும், இரவெல்லாம் ஊளையிடும், பெருத்து நோய்ப்படும். இதற்கு இன்று கண்டுள்ள வழி மனிதத் தடம் பற்றும் பயிற்சி. இதனை எந்தக் குடும்பமும் ஒரு புல்வெளியில் தொடங்கலாம். பனி ஈரம் உலராத காலையில் ஒருவர் நேர்கோட்டில் நூறு அடி நடக்கின்றார். காலடிதோறும் ஒரு சிறு இறைச்சித் துண்டை இடுகின்றார். முடிவில் தம் கையுறையை வைத்துவிட்டு வேறு வழியாகத் திரும்புகின்றார். பத்து நிமிடம் கழித்து நாய்க்கு மார்புப் பட்டை அணிவித்து, பத்து மீட்டர் கயிற்றோடு தடத்தின் தொடக்கத்தில் விடவேண்டும். கழுத்துப் பட்டை உலாவுக்கு, மார்புப் பட்டை வேலைக்கு என்று பிரித்து வைத்தால் நாய் அந்த வேறுபாட்டை விரைவில் அறிந்துகொள்ளும். போகப் போக இறைச்சித் துண்டுகளைக் குறைத்து, வளைவுகளைச் சேர்த்து, தடத்தின் வயதையும் நீட்டவேண்டும். அமெரிக்க நாய்க்கழகத்தின் தொடக்கத் தேர்வில் தடம் 440 முதல் 500 கெஜம் நீளமும், அரை மணி முதல் இரண்டு மணி நேரம் வரை பழமையும் உடையதாய் இருக்கும். அடுத்த நிலைத் தேர்வில் 800 முதல் 1,000 கெஜமும், மூன்று முதல் ஐந்து மணி நேரமும் ஆகும். இத்தேர்வுகளில் தேறிய ஓட்டர்ஹவுண்டுகள் உண்டு.

இப்பயிற்சியில் கடினமான பாடம் நாய்க்கன்று, கயிறு பிடிப்பவருக்கே. தடம் எங்கே போகின்றது என்பது நாய்க்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. வளைவில் நாய் தலையைத் தூக்கி, வட்டமிட்டு, ஐயுற்று நிற்கும்போது கயிற்றை இழுத்து வழிகாட்ட அவர் கை துடிக்கும். இழுத்தால் நாய் மூக்கை நம்புவதை விட்டு மனிதனை நம்பத் தொடங்கிவிடும். நாமும் வகுப்பில், விடையை நோக்கி மெல்ல வந்துகொண்டிருக்கும் பிள்ளையின் வாயிலிருந்து பாதியிலேயே விடையைப் பறித்துச் சொல்லிவிடுகின்றோம் அல்லவா? வாலின் அசைவு, தலையின் உயரம், நடையின் வேகம் ஆகியவற்றைப் பார்த்து நாயின் கருத்தைப் படிக்கக் கற்பதே இங்கு மனிதன் செய்யவேண்டிய வேலை.

அடுத்துச் சொல்லவேண்டியது நோய் பற்றியது. இவ்வினத்தின் எதிர்காலமே அதில் அடங்கியிருக்கின்றது. எண்ணிக்கை சுருங்கிய இனத்தில் உறவுக்குள்ளேயே கலப்பு நிகழ்வதால் மறைந்திருந்த குறைகள் வெளிப்படுகின்றன. இடுப்பு மூட்டுக் கோளாறு இவ்வினத்தில் மிகுதி. அதனினும் நுட்பமானது கிளான்ஸ்மன் நோய். குருதியிலுள்ள தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டாமையால் சிறு காயத்திலிருந்தும் குருதி நில்லாமல் வடியும். இதற்குக் காரணமான மரபணு மாற்றத்தை விளக்கும் ஆய்வு 2001-இல் வெளிவந்தது. இன்று சோதனையால் அதை முன்கூட்டியே அறியலாம்.

இந்நோய் ஒடுங்கு பண்பாக வருவது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் கெட்ட மரபணுவைப் பெற்ற குட்டிக்கே நோய் வரும். ஒன்றை மட்டும் பெற்றது நலமாகவே வாழும். ஆனால் தன் குட்டிகட்கு அதனைக் கொடுக்கக்கூடும். அத்தகைய இரண்டு நாய்களை இணைத்தால் நான்கில் ஒரு பங்கு நோயுற்றும், இரு பங்கு நோயைத் தாங்கியும், ஒரு பங்கு தூயதாகவும் பிறக்க எதிர்பார்க்கலாம். தாங்கி ஒன்றைத் தூயதோடு இணைத்தாலோ ஒரு குட்டிக்கும் நோய் வாராது. மெண்டலின் பட்டாணிச் செடிக் கணக்குத்தான் இது. பெரிய இனமாயின் 'தாங்கிகளை எல்லாம் ஒதுக்கிவிடுக' என்று சொல்வது எளிது. ஆயிரத்துக்கும் குறைந்த இனத்தில் அவ்வாறு ஒதுக்கினால் அந்த நாயோடு அதன் மற்ற நல்ல மரபணுக்களும் போய்விடும். எஞ்சியவை இன்னும் நெருங்கிய உறவாகி, வேறு நோய் தலைதூக்கும். ஆகவே சோதித்து அறிந்து, தாங்கியைத் தூயதோடு மட்டும் இணைப்பதே அறிவுடைய வழி.

வேற்றினக் குருதியைக் கலந்தால் என்ன என்று கேட்போரும் உளர். கலந்தால் ஓட்டர்ஹவுண்ட் ஓட்டர்ஹவுண்டாய் இராது என்று மறுப்போரும் உளர். வரலாற்றைப் பார்த்தால், வேட்டைக்குழுவினர் தம் நாய்களோடு பிற வேட்டைநாய்களைத் தேவைக்கேற்பக் கலந்தே வந்தனர். அவர்கள் நோக்கியது பதிவேட்டை அன்று, ஆற்றங்கரையில் நாய் செய்த வேலையை. வடஇங்கிலாந்தின் ஏர் ஆற்றுப் பள்ளத்தாக்கில் 19-ஆம் நூற்றாண்டுத் தொழிலாளர்கள் டெரியர் நாய்களோடு ஓட்டர்ஹவுண்டைக் கலந்து உண்டாக்கியதே இன்று உலகறிந்த ஏர்டேல் டெரியர். அளவோடு, கணக்கு வைத்துச் செய்யும் கலப்பை நான் குறை கூறேன். எனக்கு அச்சம் வேறொன்றில் உண்டு. கண்காட்சியில் மயிரின் அழகையும் உடலின் பருமனையும் மட்டும் பார்த்துப் பரிசளித்துக்கொண்டே போனால், சில தலைமுறைகளில் உருவம் மட்டும் எஞ்சி மூக்கு மழுங்கிவிடக்கூடும். அதனால்தான் தடம் பற்றும் பயிற்சியைப் பொழுதுபோக்காக மட்டும் கருத என்னால் இயலவில்லை. எந்த நாய்க்கு மூக்கு நன்றாக உள்ளது என்பதை அறிய இன்று வேறு வழி யாது?

நஞ்சு மருந்துகளின் பயன்பாடு படிப்படியாக நிறுத்தப்பட்டபின் நீர்நாய் மெல்ல மீண்டது. 2011-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் எல்லா மாவட்டங்களிலும் அது காணப்படுவதாக அரசின் சுற்றுச்சூழல் அமைப்பு அறிவித்தது. ஆதலின் ஆற்றோரமாகத் தம் ஓட்டர்ஹவுண்டோடு உலாவுகின்ற ஒருவர், நாய் திடீரென்று ஒரு கல்லின்மேல் மூக்கை வைத்து நின்று ஆழ்ந்த குரல் எழுப்புவதைக் காணக்கூடும். கல்லின்மேல் நீர்நாயின் எச்சம் இருக்கும். நீர்நாயைத் துன்புறுத்துவதும் அதன் பொந்தைக் கெடுப்பதும் சட்டப்படி குற்றமாதலால், அவர் கயிற்றைச் சுருக்கிப் பிடித்து, நாயின் கவனத்தை ஓர் இறைச்சித் துண்டால் திருப்பி, அதனைக் கரையிலிருந்து அழைத்துச் செல்லவேண்டும்.